மணலை எண்ணிய மாமேதை

நுழையும்முன்

எண்ணற்ற, எண்ணிறந்த, எண்ணிலடங்கா என்னும் சொற்கள் தமிழில் இயல்பாக வழங்குகின்றன. மிகப் பெரிய தொகையொன்றைக் காணும்போது மனம் எண்ணுவதைக் கைவிட்டு வியக்கத் தொடங்குகிறது. அவ்வாறு கைவிட மறுத்த அறிஞர் ஒருவர் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். உலகம் முழுவதும் மணலால் நிரம்பினும் அம்மணலின் அளவை எண்ணால் கூறிவிட இயலும் என அவர் மெய்ப்பித்தார். நடுநிலைப் பள்ளியில் மாணவர் கற்கும் அறிவியல் குறியீட்டின் அடிப்படைக் கருத்தை அம்முயற்சியில் தெளிவாகக் காணலாம். அவ்வறிஞரின் வாழ்வையும் அவர் செய்த மணற்கணக்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

துறைமுக நகரின் மைந்தர்

இத்தாலியின் தென்முனையை அடுத்து அமைந்த பெருந்தீவு சிசிலி. அதன் கிழக்குக் கரையில் கிரேக்கர் குடியேறி வளர்த்த செல்வ நகரம் சிரக்கூஸ். அந்நகரில் கி.மு. 287ஆம் ஆண்டையொட்டி ஆர்க்கிமிடிஸ் பிறந்தார். அவருடைய தந்தை ஃபீடியாஸ் வானியல் அறிஞர். ஞாயிற்றின் விட்டம் திங்களின் விட்டத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு என அவர் கணித்திருந்தார். தந்தையைப் பற்றி மகன் எழுதிவைத்த செய்தி இந்த ஒரு கணக்கு மட்டுமே. எனினும், விண்ணை அளக்க முயலும் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தவர் ஆர்க்கிமிடிஸ் என்பதை அறிய அது போதுமானது.

அக்காலத்தில் கல்வியின் தலைநகராக விளங்கியது எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா. ஆர்க்கிமிடிஸ் இளமையில் அங்குச் சென்று பயின்றார் என்பர். கோனான், எரட்டோஸ்தனிஸ் முதலிய அலெக்சாண்டிரிய அறிஞர்கள் அவர்க்கு நண்பர்களாயினர். பின்னர்ச் சிரக்கூஸ் நகரிலேயே அவர் வாழ்நாளைக் கழித்தார். தாம் கண்ட உண்மைகளைக் கடல் கடந்து வாழ்ந்த அறிஞர்களுக்கு மடல்களாக எழுதி அனுப்பினார். அவருடைய நூல்களுள் பல அவ்வாறு அனுப்பப்பட்டவையே.

நெம்புகோலின் விதியையும் நீரில் மிதக்கும் பொருள்களின் இயல்பையும் ஆராய்ந்தவர் என்றே ஆர்க்கிமிடிஸைப் பலரும் அறிவர். கணிதத்தில் அவர் ஆற்றிய பணி அதனினும் பெரிது. வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களை அமைத்துக் கணக்கிட்டார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதம் 3 10/71-ஐவிட மிகுந்தும் 3 1/7-ஐவிடக் குறைந்தும் இருக்கும் எனக் காட்டினார். ஓர் உருளைக்குள் சரியாகப் பொருந்தும் கோளத்தின் கனஅளவு, அவ்வுருளையின் கனஅளவில் மூன்றில் இரு பங்கு என நிறுவினார். ஒரு மதிப்பைத் துல்லியமாக அறிய இயலாதபோது, அது எந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில் அமையும் என வரையறுப்பது அவர் கையாண்ட முறைகளுள் முதன்மையானது. மணலை எண்ணத் துணிந்தபோதும் அம்முறையே அவர்க்குக் கைகொடுத்தது.

சொல் இல்லாத எண்கள்

சிரக்கூஸ் நகரை நெடுங்காலம் ஆண்டவர் இரண்டாம் ஹீரோன். அவர் மகன் கெலோன் தந்தையுடன் இணைந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஆர்க்கிமிடிஸ் தம் நூலொன்றைக் கெலோன் மன்னரை முன்னிலைப்படுத்தி எழுதினார். 'மணல் கணக்கர்' என்று பொருள்படும் பெயரால் அந்நூல் வழங்குகிறது. கணித அறிஞர் அல்லாத ஒருவரும் பின்தொடர்ந்து வரும் வகையில் எழுதப்பட்டது என்பது அதன் சிறப்பு.

மணலை எண்ண முடியாது என்பது அக்காலக் கிரேக்கரிடையே வேரூன்றிய எண்ணம். மணலின் தொகைக்கு முடிவே இல்லை என நம்பியவர் சிலர். முடிவு உண்டு என்றாலும், அத்தொகையைக் குறிக்கத்தக்க அளவு பெரிய எண் எதுவும் இல்லை எனக் கருதியவர் வேறு சிலர். இவ்விரு கருத்துகளையும் ஆர்க்கிமிடிஸ் தனித்தனியே பிரித்துக் காட்டினார். முடிவில்லாதது என்பது ஒன்று. மிகப் பெரியது என்பது மற்றொன்று. மிகப் பெரியதை முடிவில்லாதது என மயங்குவதற்குக் காரணம், அதைச் சொல்லச் சொல் இல்லாமையே என அவர் உணர்ந்தார்.

சொல் இல்லை என்பது வெறும் கற்பனை அன்று. கிரேக்கர் தம் 24 எழுத்துகளோடு வழக்கொழிந்த 3 எழுத்துகளையும் சேர்த்து, 27 குறிகளால் எண்களை எழுதினர். முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையிலான எண்களைக் குறித்தன. அடுத்த ஒன்பது எழுத்துகள் 10 முதல் 90 வரையிலான பத்துகளையும், இறுதி ஒன்பது எழுத்துகள் 100 முதல் 900 வரையிலான நூறுகளையும் குறித்தன. இலக்கத்தின் மதிப்பை அது நிற்கும் இடம் முடிவு செய்யும் இடமதிப்பு முறையோ, வெற்றிடத்தை நிரப்பும் சுழியோ இவ்வெழுத்து முறையில் இல்லை. பெயர் பெற்ற எண்களுள் மிகப் பெரியது பத்தாயிரம். அதனை மிரியட் என்றனர். மிரியட்டை மிரியட் முறை அடுக்கினால் பத்துக் கோடி கிடைக்கும். அதற்கு அப்பால் செல்ல இயல்பான பெயர்கள் இல்லை.

எண்களின் வரிசைகள்

மணலை எண்ணுவதற்கு முன், எண்ணுவதற்குரிய சொற்களை ஆர்க்கிமிடிஸ் படைக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் மேற்கொண்ட வழி எளிமையானது. 1 முதல் பத்துக் கோடி வரை உள்ள எண்களை முதல் வரிசை எண்கள் என்றார். அதன் முடிவில் நிற்கும் பத்துக் கோடியை ஓர் அலகாகக் கொண்டு, அவ்வலகால் மீண்டும் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினார். அவை இரண்டாம் வரிசை எண்கள். அவ்வரிசையின் முடிவு மூன்றாம் வரிசையின் அலகாகும். இன்றைய குறியீட்டில் எழுதினால் இரண்டாம் வரிசையின் அலகு 10⁸, மூன்றாம் வரிசையின் அலகு 10¹⁶, நான்காம் வரிசையின் அலகு 10²⁴ என அமையும். ஒவ்வொரு வரிசையிலும் அடுக்கு எட்டெட்டாகக் கூடுகிறது.

இவ்வாறு பத்துக் கோடி வரிசைகளை அவர் அமைத்தார். அவற்றின் முடிவில் உள்ள எண்ணை எழுத வேண்டுமானால் 1-ஐ எழுதி அதன்பின் 80 கோடி சுழிகளை இடவேண்டும். அத்துடனும் அவர் நிற்கவில்லை. இவ்வரிசைகள் அனைத்தையும் சேர்த்து முதல் பருவம் எனப் பெயரிட்டு, அதன் முடிவை அலகாகக் கொண்டு இரண்டாம் பருவத்தைத் தொடங்கினார். இங்ஙனம் பத்துக் கோடி பருவங்கள் வரை அவர் எண்முறை செல்கிறது. அதன் இறுதி எண்ணில் 1-க்குப் பின் 800 கோடிக்கோடி சுழிகள் இடம்பெறும். சுழியை அறியாத எண்முறையில் வளர்ந்த ஒருவர், எழுதவே இயலாத அவ்வெண்ணுக்குச் சில சொற்களில் பெயர் சூட்டிவிட்டார்.

பெருக்கல் கூட்டலான விதம்

பெயர் மட்டும் இருந்தால் கணக்கு நிகழாது. பேரெண்களைப் பெருக்குவதற்கும் ஒரு வழி வேண்டும். அதற்காக ஆர்க்கிமிடிஸ் ஒரு விதியை நிறுவினார். ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பைப்போல் பத்து மடங்காக உள்ள ஓர் எண்தொடரை எடுத்துக்கொண்டார். 1, 10, 100, 1000 என அது நீளும். இத்தொடரின் இரு உறுப்புகளைப் பெருக்கினால் கிடைக்கும் எண்ணும் அதே தொடரில் இடம்பெறும். அது எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பெருக்காமலே கூறிவிடலாம். இரு உறுப்புகளின் இட எண்களைக் கூட்டி, ஒன்றைக் கழித்தால் போதும்.

சான்றாக, 1000 இத்தொடரின் நான்காம் உறுப்பு; 1,00,000 ஆறாம் உறுப்பு. நான்கையும் ஆறையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் ஒன்பது வரும். தொடரின் ஒன்பதாம் உறுப்பு பத்துக் கோடி. ஆயிரத்தையும் இலட்சத்தையும் பெருக்கினால் கிடைப்பதும் அதுவே. 10³ × 10⁵ = 10⁸ என இன்று மாணவர் ஒரே வரியில் எழுதுவது இந்த விதியைத்தான். ஆர்க்கிமிடிஸ் ஒன்றைக் கழிக்க நேர்ந்ததற்குக் காரணம், அவர் தொடரின் தொடக்கமாகிய 1-ஐ முதலாம் இடமாக எண்ணியதே. இன்று 1 என்பது 10⁰ எனக் கொள்ளப்படுவதால் கழிக்கும் தேவை எழுவதில்லை. அடிமானம் ஒன்றாக இருப்பின் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்னும் வகுப்பறை விதி இங்ஙனம் மணலை எண்ணும் பணியில் துணைநின்றது.

கசகசா விதையிலிருந்து விண்மீன் வரை

அடுத்து, மணலால் நிரப்பப்பட வேண்டிய உலகின் அளவை அறிய வேண்டும். விடை எவ்வகையிலும் குறைந்துவிடக் கூடாது என்பதில் ஆர்க்கிமிடிஸ் கருத்தாக இருந்தார். ஆகவே ஒவ்வோர் அளவையும் அறிஞர் கூறியதைவிடப் பெரிதாகவே எடுத்துக்கொண்டார். புவியின் சுற்றளவு மூன்று இலட்சம் ஸ்டேடியம் எனச் சிலர் கூற முயன்றனர். ஸ்டேடியம் என்பது கிரேக்கரின் ஓட்டப்பந்தயத் திடலின் நீளம். அவரோ அதனைப் பத்து மடங்காக்கி முப்பது இலட்சம் ஸ்டேடியம் எனக் கொண்டார். ஞாயிற்றின் விட்டம் திங்களின் விட்டத்தைப்போல் 18 முதல் 20 மடங்கு வரை எனக் கணித்தவர் அரிஸ்டார்க்கஸ். ஆர்க்கிமிடிஸ் 30 மடங்கு எனக் கொண்டார்.

ஞாயிறு கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைத் தாமே அளந்தார். நீண்ட கோலொன்றைத் தாங்கியின்மேல் கிடத்தி, அதன்மீது சிறிய உருளையொன்றை நிறுத்தினார். ஞாயிறு தோன்றும் வேளையில், கோலின் ஒரு முனையில் கண்ணை வைத்து, அவ்வுருளை ஞாயிற்றை மறைக்கும் தொலைவையும் மறைக்காத தொலைவையும் குறித்தார். கண் ஒரு புள்ளி அன்று, அதற்கும் அகலம் உண்டு என்பதால் அவ்வகலத்தையும் தனியே அளந்து கணக்கில் சேர்த்தார். ஞாயிறு காட்டும் கோணம் ஒரு செங்கோணத்தின் இருநூறில் ஒரு பங்கைவிட மிகுதி, நூற்று அறுபத்து நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய கருவிகள் காட்டும் மதிப்பும் அவ்வெல்லைகளுக்குள்ளேயே அமைகிறது.

இவ்வளவுகளைக் கொண்டு, அக்கால வானியலார் கருதிய உலகின் விட்டம் 1000 கோடி ஸ்டேடியத்தை எட்டாது என நிறுவினார். பின்னர் மணலுக்குத் திரும்பினார். ஒரு கசகசா விதையின் இடத்தில் அடங்கும் நுண்மணல் 10,000-ஐ விஞ்சாது எனக் கொண்டார். கசகசா விதையின் விட்டம் ஒரு விரற்கடையில் நாற்பதில் ஒரு பங்குக்குக் குறையாது. எனவே ஒரு விரற்கடை விட்டமுள்ள கோளத்தில் 40 × 40 × 40, அதாவது 64,000 விதைகளுக்கு மேல் அடங்கா. அவ்விதைகளின் இடத்தில் 64 கோடி மணல் அடங்கும். அதனையும் உயர்த்தி 100 கோடி, அதாவது 10⁹ என வைத்துக்கொண்டார்.

கோளத்தின் விட்டம் நூறு மடங்கானால் கனஅளவு பத்து இலட்சம் மடங்காகும். ஆகவே விட்டத்தை நூறு நூறு மடங்காகப் பெருக்கும்தோறும் மணலின் எண்ணிக்கையில் அடுக்கு ஆறாறாகக் கூடும். ஒரு ஸ்டேடியம் என்பது 10,000 விரற்கடைக்குக் குறைவு. ஆதலால் ஒரு ஸ்டேடியம் விட்டமுள்ள கோளத்தில் அடங்கும் மணல் 10²¹-ஐ எட்டாது. அங்கிருந்து மேலும் ஐந்து முறை நூறு மடங்காக்கினால் உலகின் விட்டம் வந்துவிடும். அவ்வுலகை நிரப்பும் மணல் 10⁵¹-க்குக் குறைவு. ஏழாம் வரிசை எண்களில் ஆயிரத்திற்குக் குறைவு என்பது அவர் மொழியில் அதன் பெயர்.

கெலோன் மன்னர் நம்பத் தயங்கும் அளவு பெரிய உலகையும் அவர் கணக்கிலிருந்து விலக்கவில்லை. ஞாயிறு நிலையாக நிற்கிறது, புவியே அதனைச் சுற்றுகிறது என அரிஸ்டார்க்கஸ் கூறியிருந்தார். அவ்வாறாயின் விண்மீன்கள் மிகப் பெருந்தொலைவில் இருக்க வேண்டும். அக்காலத்தார் பெரும்பாலோர் ஏற்காத அக்கருத்தை ஆர்க்கிமிடிஸ் எள்ளி ஒதுக்கவில்லை. அவ்வுலகமும் மணலால் நிரம்பட்டும் என்றே கொண்டார். அதன் விட்டம் முன்னைய உலகின் விட்டத்தைப்போல் 10,000 மடங்கு. எனவே மணலின் அடுக்கு 12 கூடியது. விடை 10⁶³. ஆர்க்கிமிடிஸ் அமைத்த பத்துக் கோடி வரிசைகளில் எட்டாம் வரிசைக்குள்ளேயே அண்டத்து மணல் முழுவதும் அடங்கிவிட்டது. அரிஸ்டார்க்கஸ் அக்கருத்தை எழுதிய நூல் பின்னர் அழிந்துபோயிற்று. அவர் அவ்வாறு கருதினார் என்பதற்குரிய பழமையான சான்று இம்மணற்கணக்கே.

ஆர்க்கிமிடிஸ் கொண்ட அளவுகள் சிலவற்றை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஞாயிற்றின் விட்டம் திங்களின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. இன்று அறியப்படும் அண்டமும் அவர் கருதியதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆயினும் அவருடைய எண்முறை இவற்றால் உடைவதில்லை. எட்டாம் வரிசையிலிருந்து இன்னும் சில வரிசைகள் மேலேறினால் போதும். அளவு மாறினால் அடுக்கு மாறும். கணக்கிடும் முறை மாறாது.

தெரிந்து தெளிவோம்

ஓர் எண்ணை, 1-க்குக் குறையாததும் 10-ஐவிடச் சிறியதுமான ஓர் எண், பத்தின் அடுக்கு ஆகிய இரண்டின் பெருக்கலாக எழுதுவது அறிவியல் குறியீடு. ஒரு விரற்கடைக் கோளத்தில் அடங்குவதாக ஆர்க்கிமிடிஸ் கண்ட 64 கோடி மணல் 6.4 × 10⁸ என எழுதப்படும். மிகச் சிறிய எண்களுக்கு அடுக்கு குறை எண்ணாக அமையும். சான்றாக, 0.00005 என்பது 5 × 10⁻⁵ ஆகும். ஆர்க்கிமிடிஸ் எரட்டோஸ்தனிஸுக்கு அனுப்பியதாகக் கூறப்படும் கால்நடைப் புதிர் ஒன்றுண்டு. அதன் மிகச் சிறிய விடையே 2,06,545 இலக்கங்கள் கொண்டது என 1880ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பல பக்கங்களை நிரப்பும் அவ்வெண்ணை அறிவியல் குறியீட்டில் ஏறத்தாழ 7.76 × 10²⁰⁶⁵⁴⁴ எனச் சுருக்கமாக எழுதிவிடலாம்.

நகரின் வீழ்ச்சி

மணற்கணக்கைப் பெற்ற கெலோன் தந்தைக்கு முன்பே மறைந்தார். கி.மு. 215ஆம் ஆண்டில் ஹீரோனும் இறந்தார். நெடுங்காலம் உரோமின் நட்பில் இருந்த சிரக்கூஸ், அவருக்குப்பின் உரோமின் பகையாகிய கார்த்தேஜின் பக்கம் சாய்ந்தது. உரோமத் தளபதி மார்செல்லஸ் நிலத்திலும் கடலிலும் படைதிரட்டி வந்து நகரை முற்றுகையிட்டார். முதுமையுற்றிருந்த ஆர்க்கிமிடிஸ் தம் நகரைக் காக்கப் பொறிகள் அமைத்தார். பெருங்கற்களை வீசும் பொறிகளும், மதிலிலிருந்து நீண்டு கப்பல்களைப் பற்றித் தூக்கும் பொறிகளும் உரோமப் படையை அணுகவிடாமல் தடுத்தன. நேரடித் தாக்குதலைக் கைவிட்ட மார்செல்லஸ், நகரைச் சூழ்ந்து காத்திருக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

கி.மு. 212ஆம் ஆண்டில் சிரக்கூஸ் வீழ்ந்தது. நகரைச் சூறையாடிய வீரருள் ஒருவனால் ஆர்க்கிமிடிஸ் கொல்லப்பட்டார். அவர் இறப்பைப் பற்றிய செய்திகள் பலவாறாக வழங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, அந்நேரத்தில் அவர் வடிவியல் படமொன்றில் ஆழ்ந்திருந்தார் என்பதில் ஒன்றுபடுகின்றன. தரையில் பரப்பிய புழுதியிலும் மணலிலும் படம் வரைந்து ஆராய்வது அக்காலக் கணிதர் வழக்கம். அவர் இறந்ததை அறிந்த மார்செல்லஸ் வருந்தி, அவருடைய உறவினரை மதிப்புடன் நடத்தினார் என வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர்.

புதர் மறைத்த கல்லறை

உருளைக்குள் பொருந்திய கோளத்தின் வடிவத்தைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என ஆர்க்கிமிடிஸ் விரும்பியிருந்தார். அவ்வாறே செய்யப்பட்டது. காலப்போக்கில் அந்நகரத்தார் அக்கல்லறையை மறந்தனர். கி.மு. 75ஆம் ஆண்டில் உரோம அலுவலராகச் சிசிலிக்கு வந்த சிசெரோ அதனைத் தேடினார். அப்படியொரு கல்லறையே இல்லை என ஊரார் மறுத்தனர். நகர வாயிலருகே இருந்த கல்லறைகளுக்கிடையே, முட்புதர்களுக்கு மேல் சற்றே தலைகாட்டிய சிறு தூணில் கோளமும் உருளையும் இருப்பதைச் சிசெரோ கண்டார். ஆட்களை அழைத்துப் புதரை வெட்டி வழியமைத்துக் கல்லறையை வெளிக்கொணர்ந்தார். பின்னர் அதுவும் மறைந்துபோயிற்று.

கல்லில் பொறித்தது மறைந்தது. மடலாக எழுதியது படியெடுக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகளைக் கடந்தது. ஆயினும் பேரெண்களை எளிதில் எழுதும் குறியீடு உருவாக நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் செழித்த சுழியும் இடமதிப்பும் அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைய வேண்டியிருந்தது. 1637ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெக்கார்ட் தம் வடிவியல் நூலில், எழுத்தின் வலப்புறம் சற்றே உயர்த்தி எழுதிய சிறு எண்ணால் அடுக்கைக் குறித்தார். ஆர்க்கிமிடிஸ் பத்துக் கோடி வரிசைகளாகவும் பருவங்களாகவும் விரித்துரைத்த கருத்து, அச்சிற்றெண்ணில் அடங்கிற்று.

இன்று நடுநிலைப் பள்ளி மாணவர் ஒருவர் புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலான தொலைவை 1.5 × 10⁸ கிலோமீட்டர் என எழுதுகிறார். இலக்கங்களுக்கிடையே புள்ளி எத்தனை இடம் நகர்ந்தது என விரல்விட்டு எண்ணுகிறார். ஓர் இடம் தவறினால் விடை பத்து மடங்கு பிழைபடும் என்பதைத் திருத்தம் பெற்றுக் கற்கிறார். மன்னர் ஒருவர்க்கு ஒரு நூல் முழுவதும் எழுதி விளக்க வேண்டியிருந்த செய்தி, இவ்வாறு ஒரு பாடவேளையில் பயிலத்தக்கதாகிவிட்டது. மிகப் பெரியதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை, அதற்குரிய பெயரை அமைத்துக்கொண்டு படிப்படியாக எண்ணலாம் என்னும் துணிவே அப்பாடத்தின் உட்பொருள். அத்துணிவோடு ஆர்க்கிமிடிஸ் தொடங்கிய இடம், விரல்நுனியில் ஒட்டும் ஒரு கசகசா விதை.